விலங்கு மாதிரியுரு: 'மாதிரி' என்று மட்டும் எழுதினால் என்ன கெடும்?

ஈரலில் கொழுப்புப் படியும் நோயை எலிகளில் ஆராய்வதைப் பற்றி எழுதும்போது 'அனிமல் மொடல்' என்பதைப் பலர் 'விலங்கு மாதிரி' என்கிறார்கள். திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கும் ஒருவர் இதை வாசித்தால் குழம்புவார். எலியிலிருந்து வெட்டியெடுத்த ஈரல் துண்டும் மாதிரி, மனித நோயை ஒத்த நிலைக்குக் கொண்டுவந்த உயிருள்ள எலியும் மாதிரி. '8 மாதிரிகள்' என்றால் 8 எலிகளா, ஒரே எலியின் 8 துண்டுகளா? முடிவின் நம்பகமே அதில் தங்கியிருக்கிறது. சோதிக்க எடுத்த கூறு மாதிரி, ஒன்றைப் போல அமைத்தது மாதிரியுரு என்று பிரித்து எழுதினால் சிக்கல் தீரும்.

'மொடல்' இலத்தீன் 'மொடுலுஸ்' என்பதிலிருந்து இத்தாலிய மொழி வழியே வந்தது. சிறிய அளவு என்பது அதன் மூலக் கருத்து. 'உரு' இதற்கு நன்றாகப் பொருந்தும்.

எலிகளுக்கு இந்த நோயை உணவாலேயே உண்டாக்கும்போது 'டயட்' என்ற சொல்லும் வரும். 'டயட்' கிரேக்கத்தில் வாழும் முறையைக் குறித்தது. அதற்குப் 'பத்தியம்' என்று எழுதுவது இங்கே பெரும் பிழை. பத்தியம் நோய் தீர இருப்பது. இந்த எலிகளுக்கு ஊட்டுவதோ நோய் உண்டாக்கும் உணவு. ஆகவே 'உணவுவழி மாதிரியுரு' என்போம்.

எந்த உணவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மெதியோனின் என்ற அமினோ அமிலமும் கோலின் என்ற ஊட்டச்சத்தும் இல்லாத உணவு சில கிழமைகளிலேயே கொழுப்பையும் அழற்சியையும் தரும். கோலின் இல்லாவிட்டால் ஈரல் தன் கொழுப்பைப் பொதி கட்டி இரத்தத்துக்கு அனுப்ப முடியாது. அது உள்ளேயே தேங்கும். ஆனால் சுண்டெலி மெலிந்துபோகும், இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையான இன்சுலின் எதிர்ப்பும் வராது. பருத்த உடலோடு வரும் மனித நோய்க்கு இது பாதி உருதான். கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாலான உணவு பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் தரும், ஈரலில் தழும்பேற்றம் அரிது. கொழுப்பு, பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை, கொலஸ்ட்ரோல் மூன்றும் கலந்தது மனித நோய்க்கு நெருங்கிவரும், ஆனால் தழும்பு தெரிய 20 கிழமைக்கு மேலும் ஆகலாம்.

ஒப்பீட்டுக் குழுவுக்குச் சாதாரண எலித் தீவனம் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தீவனத்தில் நார், மாவு, புரதம் எல்லாமே வேறு. எது ஈரலை மாற்றியது என்று பிறகு சொல்ல முடியாது. கொழுப்புணவுக்கு ஒப்பாக, அதே சுத்தமான பொருட்களில் கொழுப்பைக் குறைத்துச் செய்த உணவே வேண்டும். திருகோணமலை வெயிலில் கொழுப்புணவு விரைவில் காறிவிடும், எலியும் தின்னாது. குளிரில் வைத்து, கூட்டிலுள்ளதைக் கிழமைக்கு இரு தடவையாவது மாற்றுங்கள்.

ஈரலின் கொழுப்பை 'ஒயில் ரெட் ஓ' என்ற சிவப்புச் சாயத்தில் பார்க்க, ஈரலை உறையவைத்து வெட்டிய உறைவெட்டுத் துண்டு தேவை. மெழுகில் பதிக்கும்போது மதுசாரமும் சைலீன் என்ற கரைப்பானும் கொழுப்பைக் கரைத்துவிடும். வெற்றுக் குழிகளே மிஞ்சும். இப்படி வெட்டியெடுத்த ஈரல் துண்டைத்தான் 'மாதிரி' என்று எழுத வேண்டும். எலியை 'மெதியோனின், கோலின் இல்லா உணவுவழி மாதிரியுரு, சுண்டெலி, 6 கிழமை' என்பதுபோல முழுதாக எழுதுங்கள்.