கிரகணத்தின் நிழலும் நிலத்தின் நடுக்கமும்

1999 ஆகஸ்ட் 11 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல், அட்லாண்டிக் பெருங்கடலில் தொடங்கி, ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து, துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா வழியாகச் சென்று வங்கக் கடலில் முடிந்தது. ஆறே நாள்களில், ஆகஸ்ட் 17 அதிகாலை மூன்று மணியளவில், துருக்கியின் வடமேற்கிலுள்ள இஸ்மித் நகரை ஒட்டி 7.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு 17,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வளவு நெருக்கமாக இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வரும்போது, முன்னது பின்னதற்குக் காரணமாக இருந்திருக்குமோ என்று மனம் கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியை எள்ளி ஒதுக்குவது சரியன்று. கணக்கிட்டுப் பார்த்து விடை சொல்லக்கூடிய கேள்வி அது.

சூரிய கிரகணம் என்பது, நிலா சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வந்து தன் நிழலைப் பூமியின் ஒரு பகுதியின் மீது வீழ்த்தும் நிகழ்வு. ஒவ்வோர் அமாவாசையன்றும் நிலா ஏறத்தாழ அந்த இடத்திற்கு வருகிறது. ஆனால் அதன் சுற்றுப்பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்திற்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் நிலாவின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடுகிறது. ஆண்டுக்கு 12 அல்லது 13 அமாவாசைகள் வந்தாலும், சூரிய கிரகணங்கள் இரண்டு முதல் ஐந்து வரையே நிகழ்கின்றன.

நிழலால் நிலத்துக்கு எதுவும் நேர்வதில்லை. கிரகண நேரத்தில் காற்றின் வெப்பநிலை சில பாகை குறையலாம். அந்தக் குளிர்ச்சி மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டுவதற்குள் வெயில் திரும்பிவிடுகிறது. நிலநடுக்கங்களோ கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் பிறக்கின்றன. எனவே கிரகணத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு என்று ஒன்று இருக்குமானால், அது ஈர்ப்பு விசையின் வழியாகத்தான் இருக்க முடியும்.

அந்த ஈர்ப்பு உண்மையிலேயே நிலத்தை அசைக்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நிலாவின் ஈர்ப்பு பூமியின் அருகுப் பக்கத்தில் சற்று மிகுதியாகவும், மறுபக்கத்தில் சற்றுக் குறைவாகவும் இருக்கிறது. இந்த வேறுபாடு கடலில் ஓதங்களை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கங்களை, எழுப்புவதோடு நின்றுவிடாமல், கெட்டியான நிலத்தையும் நாளுக்கு இருமுறை சில பத்து சென்டிமீட்டர் உயர்த்தித் தாழ்த்துகிறது. நம்மைச் சுற்றியுள்ள அனைத்தும் சேர்ந்தே எழுந்து தாழ்வதால் நாம் அதை உணர்வதில்லை. துல்லியமான கருவிகள் மட்டுமே காட்டுகின்றன. சூரியனும் இதே வேலையைச் செய்கிறது. அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் கூடுகின்றன.

கிரகணம் இதனோடு எவ்வளவு சேர்க்கிறது? சாதாரண அமாவாசையில் சூரியனும் நிலாவும் அதிகபட்சம் 5 பாகை விலகியிருக்கின்றன. கிரகணத்தில் அந்த விலகல் மறைகிறது. இதனால் ஓத விசையில் உண்டாகும் கூடுதல் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. ஒப்புநோக்க, நிலா தன் நீள்வட்டப் பாதையில் பூமிக்கு மிக அருகில் வரும்போது அதன் ஓத விசை, மிகத் தொலைவில் இருக்கும்போது உள்ளதைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு மாதந்தோறும் நடக்கிறது; யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆகவே, நிலத்தைப் பொறுத்தவரை கிரகணம் மற்றுமோர் அமாவாசை மட்டுமே. இஸ்மித்தில் நிலம் நடுங்கியபோதோ அந்த அமாவாசை கழிந்து ஆறு நாள்கள் ஆகியிருந்தன. சூரியனும் நிலாவும் ஏறக்குறைய செங்கோணத்தில் நின்று ஒன்றன் விசையை மற்றொன்று குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

காலப் பொருத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகெங்கும் ஆண்டுக்கு 6 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் நூற்றுக்கும் அதிகமாக நிகழ்கின்றன. 7 அளவுக்கு மேற்பட்டவை ஏறத்தாழ பதினைந்து. நாள்காட்டியில் எந்த வாரத்தைத் தொட்டாலும் அதில் ஒன்றிரண்டு வலுவான நிலநடுக்கங்கள் இருக்கும். கிரகணம் வந்த வாரத்திலும் இருக்கும், வராத வாரத்திலும் இருக்கும். கிரகணத்தை ஒட்டி வந்தவை நினைவில் தங்குகின்றன, மற்றவை மறந்துபோகின்றன.

இதனால் ஓதத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவும் முறிவுகளைப் பிளவுகள் என்கிறோம். கடலடிப் பிளவுகள் சிலவற்றில், ஓதம் ஏறி இறங்கும் வேளையைப் பொறுத்துச் சிறு அதிர்வுகள் கூடிக் குறைவதை ஆய்வாளர்கள் தெளிவாகப் பதிவு செய்துள்ளனர். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் ஆழத்தில் எழும் மெல்லிய நடுக்கங்களும் ஓதத்தின் தாளத்துக்கு இசைகின்றன. ஆனால் ஓதம் பாறையில் ஏற்றும் தகைவு, அதாவது பாறைக்குள் உண்டாகும் அழுத்தமும் இழுவிசையும், சில கிலோபாஸ்கல் மட்டுமே. வளிமண்டலம் நம்மீது செலுத்தும் அழுத்தத்தில் அது நூற்றில் சில பங்கு. ஒரு நிலநடுக்கத்தில் விடுபடும் தகைவோ பெரும்பாலும் அதைப்போல் ஆயிரம் மடங்கு.

இதில் என்னை மிகவும் ஈர்க்கும் நுட்பம் ஒன்று உண்டு. புவியின் மேற்புறம் பிரிந்துள்ள பெரும் பாறைத் தட்டுகளின் நகர்வால் ஒரு பிளவில் ஒரே நாளில் சேரும் தகைவைவிட, அதே நாளில் ஓதம் ஏற்றி இறக்கும் தகைவு பல மடங்கு பெரிது. பாறை தன் தாங்குதிறனின் எல்லையைத் தொட்ட கணமே உடைவதாக இருந்தால், உலகின் நிலநடுக்கங்கள் அனைத்தும் ஓத அட்டவணைப்படியே நிகழ வேண்டும். அப்படி நிகழவில்லை. எனவே பிளவில் நழுவல் முளைவிட்டு வளர்வதற்குச் சில மணி நேரத்தைவிட அதிகக் காலம் தேவைப்படுகிறது என்றும், வந்து போகும் சிறு உந்துதல்களை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்றும் அறிகிறோம். பலவீனமான அந்தத் தொடர்பே பாறையின் இயல்பைப் பற்றி நமக்குக் கற்றுத் தருகிறது.

அப்படியானால் பிளவுகளில் தகைவைச் சேர்ப்பது எது? பூமியின் உள்வெப்பம். பூமி உருவானபோது சிக்கிக்கொண்ட வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் பிறந்துகொண்டிருக்கும் வெப்பமும் சேர்ந்து, ஏறக்குறைய 47 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்) அளவில் மேற்பரப்பின் வழியாக வெளியேறுகின்றன. மனித இனம் முழுவதும் பயன்படுத்தும் ஆற்றலைப்போல் அது இரு மடங்குக்கும் மேல். இந்த வெப்பம் வெளியேறும் வழியில், புவி மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை பரந்துள்ள கவசப் பகுதியை மெல்ல ஓடச் செய்கிறது. கவசம் உருகிய குழம்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது திடமான பாறை. ஆனால் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும், கோடிக்கணக்கான ஆண்டுகளில், திடப்பாறையும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

இந்த ஓட்டத்தின் மேற்புறமே புவித்தட்டுகள். நடுக்கடல் முகடுகளில் புதிய கடல்தரை பிறக்கிறது. அது விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து கனத்து, இறுதியில் கடலடி அகழிகளில் வேறொரு தட்டின் கீழே அமிழ்கிறது. அமிழும் அந்தக் கனமான முனை, பின்னால் உள்ள தட்டு முழுவதையும் தன்னோடு இழுக்கிறது. கண்டங்களில் நானூறு கோடி ஆண்டுப் பழமையான பாறைகள் கிடைக்க, பெருங்கடல்களின் அகன்ற தரையில் இருபது கோடி ஆண்டுகளைத் தாண்டிய பகுதி ஏறக்குறைய இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

தட்டுகள் நகர்ந்தாலும் அவற்றின் விளிம்புகள் உராய்வால் பூட்டிக்கொள்கின்றன. 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கத்துக்குப் பின், நேராக இருந்த வேலிகள் பிளவைக் கடக்கும் இடத்தில் அறுபட்டுச் சில மீட்டர் விலகி நின்றன. பழைய நில அளவைப் பதிவுகளை ஒப்பிட்ட அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட், பிளவின் இருபுறமும் நிலம் பல ஆண்டுகளாகவே மெல்ல வளைந்துகொண்டிருந்தது என்று 1910-இல் விளக்கினார். வளைத்துப் பிடித்த மூங்கில் கழி கைவிட்டதும் நிமிர்வதுபோல், பூட்டு அறுந்ததும் பாறை நொடிகளில் நிமிர்கிறது. அந்த நிமிர்வின் அதிர்வே நிலநடுக்கம்.

இஸ்மித்தின் உண்மையான வரலாறு இங்கேதான் இருக்கிறது. அரேபியத் தட்டு வடக்கே முட்ட, துருக்கியின் பெரும்பகுதியான அனத்தோலியா மேற்கு நோக்கிப் பிதுங்கி, ஆண்டுக்கு இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. அதன் வடக்கு எல்லையே வட அனத்தோலியப் பிளவு. 1939 டிசம்பரில் கிழக்கே எர்சின்ஜானில் அப்பிளவு அறுந்தது. ஒரு பகுதி அறும்போது அங்கே தகைவு தணிந்து, அறுபட்ட முனைக்கு அப்பால் உள்ள அண்டைப் பகுதியில் கூடுகிறது. 1942, 1943, 1944, 1957, 1967 என்று அந்த உடைவுகள் படிப்படியாக மேற்கே நகர்ந்து வந்தன. 1997-இல், கிரகணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, ராஸ் ஸ்டைன், அய்குட் பார்கா, ஜேம்ஸ் டீட்ரிச் ஆகிய ஆய்வாளர்கள் இந்தத் தொடரை ஆராய்ந்து, தகைவு கூடிய நிலையில் எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்றாக இஸ்மித்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். அங்கே முந்தைய பெரும் நிலநடுக்கம் 1719-இல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று சேர்த்தால் ஐந்தரை மீட்டர் ஆகிறது. 1999-இல் பிளவின் சில இடங்களில் நிலம் ஐந்து மீட்டர் அளவுக்கு விலகியது. கணக்கு இவ்வளவு நேராக வருவது எல்லாப் பிளவுகளிலும் வாய்ப்பதில்லை. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று, இஸ்மித் உடைவின் கிழக்கு முனையை அடுத்த துஸ்ஜேயில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. இடையில் வேறு எந்தக் கிரகணமும் நிகழவில்லை.

எரிமலைகளுக்கும் மூலம் அதே வெப்ப ஓட்டமே. கவசப் பாறையைப் புதிதாகச் சூடாக்காமலே அது உருகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாறை மேலே எழும்போது அழுத்தம் தணிவதால் உருகலாம். நடுக்கடல் முகடுகளிலும் ஹவாயிலும் நடப்பது அதுவே. அல்லது, அமிழும் தட்டு தன்னுள் கொண்டுசெல்லும் நீர், சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெளியேறி மேலுள்ள பாறையோடு கலந்து அதன் உருகுநிலையைத் தாழ்த்தலாம். பசிபிக்கைச் சூழ்ந்த எரிமலைகள் பெரும்பாலும் இவ்வாறு பிறந்தவை. அந்தக் குழம்பில் கரைந்துள்ள நீரும் வாயுக்களும் மேலே வரும்போது விரிந்து வெடிப்பதால்தான் இவ்வகை எரிமலைகள் கொடூரமாகச் சீறுகின்றன. ஆயினும் குழம்பு மேலேறுகையில் சிறு நடுக்கங்களும், நிலவீக்கமும், வாயுக்கசிவும் முன்னறிவிப்பாக வெளிப்படுகின்றன. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை ஜூன் 15 அன்று பெருவெடிப்பாக வெடிக்கும் முன், இந்த அறிகுறிகளைப் படித்த அறிவியலாளர்களின் எச்சரிக்கையால் பல்லாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

ஈர்ப்பு விசையே எரிமலைகளை இயக்கும் உலகமும் ஒன்று உண்டு. வியாழனின் துணைக்கோளான அயோவை, அதன் மற்ற துணைக்கோள்களான யூரோப்பாவும் கனிமீடும் வட்டப்பாதையில் அமைதியாகச் சுற்றவிடாமல் இழுக்க, வியாழனின் ஓத விசை கூடிக் குறைந்து அதன் தரையை நூறு மீட்டர் அளவுக்குப் பிசைகிறது. இந்த உராய்வால் அயோவின் உட்புறம் உருகியிருக்க வேண்டும் என்ற கணிப்பு 1979 மார்ச்சில் வெளியானது; அதே மாதத்தில் வாயேஜர் 1 விண்கலத்தின் படங்களில் சீறும் எரிமலை காணப்பட்டது. பூமியில் சில பத்து சென்டிமீட்டர், அயோவில் நூறு மீட்டர்: இந்த இடைவெளியே நம் கேள்விக்குப் போதுமான விடை.

பூமியின் மாற்றங்களும் கிரகணங்களும் உண்மையாகவே தொட்டுக்கொள்ளும் இடங்கள் வேறு. பினாடுபோ, மேகங்களுக்கு மேலுள்ள அடுக்கு வளிமண்டலத்தில் பரப்பிய கந்தகத் துகள்கள், 1992 டிசம்பரில் நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை வழக்கத்துக்கு மாறாக இருளச் செய்தன. செம்பு நிறத்தில் தெரிய வேண்டிய நிலா ஏறக்குறைய மறைந்தே போனது. இங்கே எரிமலை முந்தியது, கிரகணத்தின் தோற்றம் பின்னால் மாறியது.

இன்னும் ஆழமான தொடர்பு பழைய பதிவுகளில் இருக்கிறது. பொ.ஆ.மு. (கி.மு.) 136 ஏப்ரலில் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகைகள் கூறுகின்றன. பூமி இன்றைய வேகத்திலேயே அன்றும் சுழன்றதாகக் கொண்டு கணக்கிட்டால், அந்த நிழல் பாபிலோனுக்கு மேற்கே ஏறக்குறைய 49 பாகை தள்ளி விழுந்திருக்க வேண்டும். ஓத உராய்வால் பூமியின் சுழற்சி குறைந்து, நாளின் நீளம் கூடி வந்திருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஓத உராய்வு மட்டும் என்றால், நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 2.3 மில்லி நொடி கூட வேண்டும். கிரகணப் பதிவுகள் தருவதோ ஏறத்தாழ 1.8 மில்லி நொடி. இந்த இடைவெளியின் பெரும்பகுதி பனியுகத்தின் எச்சம். கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளங்கள் உருகியபின் அந்நிலங்கள் இன்றும் எழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் கீழே கவசப் பாறை மெல்லத் திரும்பி ஓடி வருவதால் பூமி சற்றுக் கூடுதலாக உருண்டையாகி, சுழற்சி சிறிதளவு விரைவடைகிறது. பாபிலோனியர் குறித்துவைத்த நிழலிலிருந்து, தட்டுகளைச் சுமக்கும் அதே கவசம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைப் புவியியலாளர்கள் இன்று சரிபார்க்கிறார்கள்.