‘ஆமென்’ சொல்லி முடிக்க முடியாத பிள்ளைகள்

அந்த மாணவர் தன் பைபிளை மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். மத்தேயு 12-ஆம் அதிகாரம். ஒவ்வொரு வசன எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சில் புள்ளிகள். சில வசனங்களுக்கு மூன்று, சிலவற்றுக்கு ஏழெட்டு. 31-ஆம் வசனத்துக்குப் பக்கத்தில் குத்திக் குத்தித் தாளே கறுத்திருந்தது. வாசிக்கும்போது மனம் சிதறினாலோ தகாத எண்ணம் ஏதாவது வந்தாலோ அந்த வசனத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும், வாசித்ததற்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். இது அவரே வகுத்துக்கொண்ட விதி. இருபது நிமிடத் தியான வேளை இரண்டரை மணி நேரமாகியிருந்தது. “பதினோரு நாளா இதே அதிகாரம்தான் மேடம். தாண்ட முடியல,” என்றார்.

நான் கல்லூரி மாணவர்களைப் பார்க்கும் உளவியல் ஆலோசகர். சபையில் வளர்ந்தவள், இன்றும் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள். (மாணவரின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) இந்த வயதில் விசுவாசம் வேர்விடுவதைப் பார்க்க எனக்கு மனம் நிறையும். அதுவரை வீட்டுப் பழக்கமாக இருந்தது அப்போதுதான் சொந்த நம்பிக்கையாகிறது. தாங்களாகவே வேதத்தைத் திறக்கிறார்கள், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வேதபாடம் நடத்துகிறார்கள், நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் இதே வயதில்தான் ஒரு நோயும் தலைகாட்டுகிறது. பார்ப்பதற்குப் பக்தி மாதிரியே இருப்பதால் வீட்டிலும் சபையிலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. “பிள்ளை எவ்வளவு நேரம் ஜெபிக்கிறான் பாருங்கள்” என்று மெச்சுகிறார்கள்.

ஓசிடி என்கிற எண்ண சுழற்சி நோய்தான் அது. ஏறத்தாழ நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. தொடங்கும் சராசரி வயது 19, 20. ஓசிடி என்றதும் திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதே நோய் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் பாவ அறிக்கையையும் பிடித்துக்கொள்ளும்போது ‘ஸ்க்ரூபுலாசிட்டி’ என்கிறார்கள். கூரான சிறு கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். செருப்புக்குள் சிக்கிய கல் மாதிரி, அடுத்த அடியை நிம்மதியாக வைக்க விடாது.

இது நம் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, எல்லாப் பாவங்களையும் அறிக்கையிட்ட பிறகும் ஏதோ விட்டுப்போயிற்று என்று தவித்து, உயிரையே விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போயிருக்கிறார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் இளம் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் இரவும் பகலும் தன்னைத் துரத்தியதை, ‘மோட்சப் பிரயாணம்’ எழுதிய ஜான் பனியன் 1666-இல் எழுதி வைத்திருக்கிறார். இவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

சரி, அந்த 31-ஆம் வசனத்துக்கு வருவோம். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று சொல்லும் வசனம் அது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திருவிருந்து நேரத்தில் மனதில் ஒரு கெட்ட வார்த்தை ஓடிவிடும். உடனே, ‘நான் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ?’ என்ற பயம். பார்வையும் பேச்சும் இல்லாத ஒருவரை இயேசு குணமாக்கியதைக் கண்ணால் பார்த்த பிறகும், அது பிசாசின் வேலை என்று பேசியவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. தன்னையறியாமல் வந்த எண்ணத்துக்காக அழுகிற பிள்ளைக்குச் சொன்னதல்ல. இதை அந்த மாணவருக்கு மூன்று போதகர்கள் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் நிம்மதி, அப்புறம் பழையபடி. அப்புறம் அடுத்த போதகர்.

நோய் பிழைப்பதே அந்த அரை மணி நேர நிம்மதியில்தான். வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வரும். ராக்மேன், டி சில்வா என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1978-இல் செய்த ஆய்வில், எந்த நோயும் இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு இதே வகை எண்ணங்கள் வருவது தெரிந்தது. வந்தது, போனது என்று அவர்கள் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளோ பதறிப்போய் ஜெபத்தை மறுபடி தொடங்குகிறார்கள். பயம் தணிகிறது. ‘திரும்ப ஜெபித்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வரும்.

மனசாட்சிக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று பெற்றோர் கேட்பார்கள். மனசாட்சி செய்த தப்பைத் தெளிவாகக் காட்டும்: நண்பனிடம் பொய் சொன்னாய், போய் மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டால் அமைதியாகிவிடும். நோய்க்கு ‘ஒருவேளை’ என்ற வார்த்தைதான் பிடிக்கும். ஒருவேளை மனமார மனந்திரும்பவில்லையோ, ஒருவேளை இரட்சிப்பே போய்விட்டதோ? எவ்வளவு பதில் சொன்னாலும் போதாது. இதற்காகவே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, படிப்பும் தூக்கமும் கெடுகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிகிச்சை என்றதும் விசுவாசத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. அந்த மாணவருக்கும் இருந்தது. அதனால் அவர் சம்மதத்தோடு அவருடைய போதகரையும் வரச்சொல்லி மூவருமாகப் பேசினோம். ஈஆர்பி என்ற பயிற்சியில், பயத்தை எழுப்பும் காரியத்தைச் செய்துவிட்டு, அதைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழக வேண்டும். பாவம் செய்யச் சொல்வதில்லை, தூஷணம் பேசச் சொல்வதில்லை. எங்கள் ஒப்பந்தம் எளிமையானது: ஒரு அதிகாரம், ஒரே தடவை. மனம் சிதறினாலும் மேலே வாசிக்க வேண்டும். பென்சில் என் மேசை டிராயரில் இருக்கும். ஜெபம் ஒருமுறை, ஆமென், விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கை. ‘மன்னிப்பு உண்டா ஐயா?’ என்று கேட்டால், “இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன் தம்பி” என்பதோடு போதகர் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவருக்கு அது லேசான காரியமல்ல. கலங்கி நிற்கும் பிள்ளையைத் தேற்றாமல் இருக்க எந்த மேய்ப்பருக்குத்தான் மனம் வரும்?

முதல் இரவு உடம்பெல்லாம் வியர்த்து, விடியும்வரை தூங்கவில்லை என்றார் அந்த மாணவர். ஐந்தாம் வாரத்தில் மத்தேயுவை முடித்திருந்தார். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்தும் கொடுத்திருந்தார். ஓசிடிக்கு அதன் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

ஊழியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், முழு இரவு ஜெபம் என எல்லாவற்றையும் ஒரே மாணவர் தலையில் வைத்துவிடுகிறோம். ‘முடியாது’ என்றால் ஆண்டவருக்கே முடியாது என்று சொன்னதாகிவிடுமோ என்று அவரும் ஏற்றுக்கொள்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரித்த மோசேயிடம், ‘நீர் தொய்ந்துபோவீர், பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்’ என்று மாமனார் எத்திரோ சொன்னது யாத்திராகமம் 18-இல் இருக்கிறது. மோசேயே கேட்டுக்கொண்டார். 18 முதல் 25 வயதுவரை ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் இந்த எண்ணங்களும் பயமும் மோசமாகும். தேர்வு மாதத்தில் இரண்டு பொறுப்புகளைக் குறைத்துக்கொள்ளச் சபை மூப்பர்களே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

அந்த மாணவருக்குச் சந்தேகங்கள் இன்னும் வருகின்றன. ‘விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும்’ என்று மாற்கு 9-இல் கெஞ்சிய தகப்பனை இப்போது தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். அந்தத் தகப்பனின் மகனை இயேசு குணமாக்கினார், முழு நிச்சயத்தோடு திரும்பி வா என்று அனுப்பவில்லை.

பெற்றோரும் போதகர்களும் கவனியுங்கள்: ‘வாழவே வேண்டாம்’, ‘எப்படியும் நரகம்தான்’ என்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபித்துக்கொண்டே அழைத்துப் போங்கள்.