பிபிஓவில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, ஏற்காட்டு மலைக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஒருவர் சேலம் அஸ்தம்பட்டியில், ராணுவ பென்ஷன் கேஸ்கள் பார்க்கும் என் ஆபீசுக்கு வந்தார். ரிட்டயர்டு ஹவில்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ். பட்டாளத்தில் இந்தப் படைப்பிரிவுக்காரர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஏழெட்டு வயது மூத்த தம்பி. கையில் ஒரு மஞ்சப்பை. அதில் ஒரு கட்டுக் காகிதம், மேலே கால் கிலோ மிளகு. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"நாப்பது பர்சன்ட்டுனு போட்டிருந்தாங்க சார், அப்புறம் அம்பது ஆக்கிட்டாங்க. அதை எழுபத்தஞ்சா ஏத்தித் தர முடியுங்களா?"

என்னிடம் வரும் முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோர், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணையில் போட்டிருக்கும் ஊனச் சதவீதத்தைக் கூட்ட முடியுமா என்ற இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். டீக்கடையில் பக்கத்து ஊர்க்காரர் எழுபத்தைந்து வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். நானோ சதவீதத்தைப் பார்க்காமல், டிஸ்சார்ஜ் சமயத்து மெடிக்கல் போர்டு பேப்பரில் காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தைத் தேடினேன். பணியில் இருந்தபோது காயம், ராணுவப் பணி காரணமாக ஏற்பட்டது என்று ஒரே ஒரு வரி. என்ன பணி, எங்கே, ஒன்றும் இல்லை.

"என்ன டூட்டிங்கண்ணா அன்னிக்கு?"

"மைன் போட்டுக்கிட்டு இருந்தோங்க. 2002, ராஜஸ்தான் பார்டர். பக்கத்து லைன்ல ஒண்ணு வெடிச்சிருச்சு."

இருபது வருஷத்துக்கு மேலாக இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு வலது ஷூவைக் கழற்றிக் காட்டினார். விரல் இருக்க வேண்டிய இடத்தில் பழைய துணியைச் சுருட்டி வைத்திருந்தார். காபித் தோட்டச் சரிவில் நிற்க முடியாததால் களத்தில் கொட்டை காயவைக்கும் வேலைதான் செய்கிறார்.

2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்த பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்று எல்லையில் படைகளைக் குவித்தார்களே, அப்போது மேற்கு எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்கள். போர் நடக்கவில்லை. ஆனால் புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நிறையப் பேர் கை கால் இழந்தார்கள், உயிரும் போனது. 'சண்டையே நடக்கலையே சார், நம்மளுது எப்படிப் போர்க் காயம்?' என்று இவர்கள் அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை.

பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 தேதியிட்ட கடிதத்தில் மரணம், ஊனம் இரண்டையும் காரணத்தை வைத்து ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து வகையாகப் பிரித்தது. ஏ என்றால் பணிக்குச் சம்பந்தமில்லாதது. பி, பணியால் வந்த அல்லது பணியால் கூடிய நோய். சி, பணியின்போது நடந்த விபத்து. டி-யும் இ-யும்தான் பயங்கரவாதம், எல்லை, போர் என்று போகும். இ வகையில் எதிரியுடனான போர் மட்டும் இல்லை. எல்லை மோதல், கண்ணிவெடி புதைப்பது, அகற்றுவது, அப்போது தற்செயலாக வெடிப்பது, நிஜ வெடிமருந்தோடு நடக்கும் போர்ப் பயிற்சி, அரசு தனியாக அறிவிக்கும் ஆபரேஷன்கள் எல்லாம் வரும். நம் ஹவில்தாரின் வெடி, அந்தக் கடிதத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. அவருக்குப் போட்டிருந்ததோ சி.

ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகிறது? கணக்கு எளிதாக இருக்க, கடைசியாக வாங்கிய கணக்கிடத்தக்க ஊதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிசெபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்காகச் சேரும் பகுதி, 100 சதவீத ஊனத்துக்கு ஊதியத்தில் 30 சதவீதம். ஐம்பது சதவீத ஊனத்துக்கு 3,000. இதையே எழுபத்தைந்து ஆக்கினால் 4,500. இவர்களுடைய கனவு அவ்வளவுதான். சி போய் இ, அதாவது போர்க் காயம் என்று மாறினால், ஊனத்தோடு சர்வீஸில் தொடர்ந்து முழுக் காலம் முடித்து வந்தவருக்கு வார் இஞ்சுரி எலிமென்ட் 60 சதவீதக் கணக்கில் வரும். அதே ஐம்பதுக்கு 6,000. காயத்தினாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு முழு ஊதியத்தை வைத்துக் கணக்கு, அதாவது 10,000. இதற்கு மேல் அகவிலைப்படி வேறு.

ஐம்பதுக்குக் குறைந்த ஊனத்தை ஐம்பதாகவும், ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வரை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேல் நூறாகவும் எடுத்துக்கொள்ளும் முறை, சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்குப் பிறகு ஊர் பூராவும் சதவீதப் பேச்சாகவே ஆகிவிட்டது. நானும் விதிவிலக்கில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நாயக்குக்கு ஐம்பது வாங்கித் தர ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன், வாங்கியும் கொடுத்தேன். இனிப்பெல்லாம் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு ஒரு நாள் அவருடைய கோப்பைக் கட்டும்போதுதான் காரணம் எழுதிய வரியைப் படித்தேன். பயங்கரவாதத் தேடுதல் வேட்டையில் வாங்கிய காயம். மறுபடி மனு போட்டபோது, 'முதல் தடவையே ஏன் கேட்கவில்லை' என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

சரி, தப்பு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. காயம் பட்ட அன்று யூனிட் அனுப்பும் முதல் செய்தியில் பேட்டில் கேஷுவல்டியா (போர்க்களப் பாதிப்பு), பிசிகல் கேஷுவல்டியா (மற்ற பாதிப்பு) என்று ஒரு சொல் எழுதப்படும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். அந்தச் சொல், வீரரின் விவரங்களை யூனிட் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டருக்குப் போகும், அங்கிருந்து ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், மெடிக்கல் போர்டு, கடைசியில் பிபிஓ. ஒவ்வொரு மேஜையிலும் முந்தைய காகிதத்தைப் பார்த்து எழுதுவார்கள். சில சமயம் சரியாக எழுதியதை மாற்றியும் விடுகிறார்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடும் குளிரில் ரோந்து போன வீரர் ஒருவர் 2013 ஜனவரியில் இறந்தார். முதலில் பேட்டில் கேஷுவல்டி என்றவர்கள் பிறகு பிசிகல் கேஷுவல்டி ஆக்கினார்கள். அவர் மனைவி, போர்க்கள மரணத்துக்குத் தரும் கூடுதல் குடும்ப ஓய்வூதியம் (லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன்) கேட்டு வழக்காடி ஜெயித்தார். அரசு மேல்முறையீடு போனது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, அந்த அம்மாவுக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. குளிரும் பனியும் சுடாது என்பதற்காக அது போர்க்கள மரணம் இல்லாமல் போகாது என்பதை இப்போதெல்லாம் என் மனுக்களில் தவறாமல் சேர்த்துவிடுகிறேன்.

எல்லாரும் இதற்குள் வர மாட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். அமைதியான ஊரில் இருந்தபோது வந்த சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு போர்க் காயம் கேட்டுத் தரச் சொன்னால் நான் கேஸ் எடுப்பதில்லை. அது பணியால் வந்ததா இல்லையா என்பது தனிச் சண்டை. 2013-ல் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு அங்கேதான் கைகொடுக்கும். அரியரில் பங்கு பேசி 'எதுவா இருந்தாலும் மாத்தித் தரேன்' என்கிற ஏஜென்ட்டுகளிடம் ஒரிஜினல் பேப்பரைக் கொடுத்துவிட்டு அலைபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். சேலத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனுவை எப்படி அனுப்புவது என்று காசில்லாமல் சொல்லித் தருவார்கள்.

நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும்போது அப்படியே பிபிஓவையும் எடுத்துப் பாருங்கள். டிசெபிலிட்டி எலிமென்ட் என்றிருக்கிறதா, வார் இஞ்சுரி எலிமென்ட்டா? முதலாவது இருந்து, காயம் பட்டது எல்லையிலோ ஆபரேஷனிலோ என்றால், ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஒரு மனு. இஞ்சுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி (சம்பவம் பற்றிய ராணுவ விசாரணை), பார்ட் டூ ஆர்டர், மெடிக்கல் போர்டு நடவடிக்கை, நான்கின் நகலையும் கேளுங்கள். தள்ளிப் போடாதீர்கள், காலம் கடந்த கோப்புகளை அழித்துவிடுவார்கள். கூட இருந்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கி வையுங்கள்.

தாமதமாகிவிட்டதே என்று கை கட்டி உட்கார வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதத்தை மட்டும் காட்டி வழக்கைத் தள்ளுவதில்லை. ஆனால் அரியர் பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்தோடு நின்றுவிடும்; 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சொன்னது அது. முதலில் ராணுவத்துக்கே மனு. ஆறு மாதம் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஹவில்தார் அண்ணாவுக்கு கோர்ட் ஆஃப் என்கொயரி நகல் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் கண்ணிவெடி புதைக்கும் பணியில் என்று தெளிவாகவே டைப் அடித்திருக்கிறது. அக்டோபரில் மனு அனுப்பினோம், ஏப்ரலில் ஆறு மாதம் முடிகிறது. பதில் வராவிட்டால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி சென்னைக்குப் போக வேண்டியதுதான். ஒரிஜினல் பிபிஓவை மட்டும் எப்போதோ லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அதன் பின்பக்கம் ஏதோ கையால் எழுதியிருக்கிறது, ஜெராக்ஸில் விழமாட்டேன் என்கிறது.

"பிரிச்சிரட்டுங்களா சார்?"

"ஐயோ, தொடாதீங்கண்ணா. அப்படியே கொண்டு வாங்க."