இந்திய முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை: ஊர் திரும்புமுன் கவனிக்க வேண்டியவை

வல்வெட்டித்துறையிலிருந்து வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் வத்தைகள் என்னும் சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில் எவரிடமும் கடவுச்சீட்டு கேட்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததும் அதே கடல்வழி குற்றவழியாயிற்று. 1952இல் கரையோரக் காவலுக்கு இராணுவம் இறக்கப்பட்டது. 'கள்ளத்தோணி' என்ற சொல் மலையகத் தமிழர் மீது வசையாக ஒட்டிக்கொண்டது. 1983க்குப் பின்னர் உயிர் தப்பப் படகேறிய எமது மக்களும் இச்சட்டத்தின் கண்ணில் அனுமதியற்ற இடத்தால் வெளியேறியவர்களே. 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர்கூட அக்காரணத்துக்காகக் கைதானார். ஆகவே படகில் சென்ற பெற்றோர் திரும்பும்போது, அகதிப் பதிவு அட்டையையும் பயண ஏற்பாட்டுக் கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். வருகை நாளை இலங்கையிலுள்ள சட்டத்தரணி ஒருவருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

பிள்ளைகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1987 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின்னர் தமிழகத்தில் பிறந்த பிள்ளை, பெற்றோர் இருவரும் இலங்கையராயின் இந்தியக் குடிமகனும் அல்ல. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி பிறப்பைப் பதியும் வரை இலங்கைப் பிரஜையும் அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். "பிறப்பைப் பதிந்துவிட்டோமே" என்று அவர்கள் காட்டுவது தமிழக நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த சான்றிதழ். அது தேவையானதுதான், ஆனால் பிரஜாவுரிமையைத் தராது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்திலோ, இங்கு வந்த பின்னர் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஊடாகவோ தனியாகப் பதிய வேண்டும். சென்னையிலேயே முடித்துவிட்டு வருவதுதான் நல்லது. இங்கு வந்தபின் முகாமிலிருந்து ஒரு தாளைப் பெறுவதற்கே மாதங்கள் கரைந்துவிடும்.

பதிவதற்கு ஓராண்டுக் காலம் உண்டு. அது கடந்தால் "இனி ஒன்றும் செய்ய இயலாது" என்று திருப்பி அனுப்புவார்கள். அது தவறு. தகுந்த காரணம் காட்டினால் காலத்தை நீடிக்க அமைச்சருக்கு அதிகாரம் இருப்பதாகச் சட்டமே கூறுகிறது. தாய் மட்டும் இலங்கையர் என்பதால் மறுப்பதும் பிழை. 2003இன் திருத்தத்துக்குப் பின்னர் பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும்.

அதிகம் அலைக்கழிப்பது பெயர். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்த ஒரு மாணவியின் கோப்பைப் பார்த்தேன். தந்தையின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் 'தம்பிராசா' என்றிருந்தது, மகளின் இந்தியச் சான்றிதழில் 'தம்பிராஜா' என்றிருந்தது. ஓர் எழுத்து. அதற்காக ஓர் அலுவலகம் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போகச் சொன்னது, விதானையார் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார், அங்கிருந்து மீண்டும் முதல் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் தாய் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தார். இரு பெயரும் தந்தை ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இருந்திருக்காது.

முகாம் கோயிலில் தாலி கட்டியவர்கள், புறப்படுமுன் திருமணத்தைத் தமிழகத்திலேயே பதிந்து சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மூலப் பத்திரங்களைப் பற்றுச்சீட்டு இல்லாமல் எவரிடமும் கொடுக்கக் கூடாது. "அடுத்த கிழமை வாருங்கள்" என்ற வாய்ச்சொல் இரண்டாம் முறையும் வந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு யாருடைய மேசையில், எந்தக் குறைக்காக நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள்.