டூயட் என்றால் ஜோடிப் பாட்டா?

"மரியன் மெக்பார்ட்லண்டும் பில் எவன்சும் பாடிய ஜோடிப் பாடல்கள்." போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் இப்படிப் படித்தேன். இந்த மாதிரி பார்ப்பது மூன்றாவதோ நான்காவதோ தடவை, இனிச் சும்மா இருக்க முடியாது. இருவரும் ஜாஸ் பியானோ கலைஞர்கள். மரியனின் வானொலி நிகழ்ச்சிக்காக 1978-இல் அந்த ஒலிப்பதிவு நடந்தபோது அந்த அம்மாவுக்கு 60 வயது, எவன்சுக்கு 49. ஆளுக்கொரு பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்தார்கள். பாடவும் இல்லை, ஜோடியும் இல்லை.

டூயட் இத்தாலியில் பிறந்த சொல். இரண்டைக் குறிக்கும் சொல்லைச் சுருக்கிச் செல்லமாக்கி 'டுவெட்டோ' என்றார்கள், அது ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. அதில் காதலைச் சேர்த்தது நம் சினிமா.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஈரிசை' என்று ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். நானும் தமிழ்ச் சொல் வேண்டும் என்கிற கட்சிதான், ஆனால் இது வேண்டாம். ஈருருளி என்றால் உருளி இரண்டு, ஈரடி என்றால் அடி இரண்டு. அப்படியானால் ஈரிசையில் இசை இரண்டா? இரண்டாக இருப்பது ஆள், இசை ஒன்றுதான், அதுதானே இதில் விசேஷமே. வானொலியில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஈ இரைகிற மாதிரி இருக்கும். சிலர் 'ஜுகல்பந்தி' என்கிறார்கள், ஏதோ நம் வீட்டுச் சொல் போல. இந்துஸ்தானி இசைக்காரர்களின் சொல் அது, அங்கே இருவருமே முதன்மைக் கலைஞர்கள், யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

மரியனின் 'பியானோ ஜாஸ்' அப்படிப்பட்டதல்ல. 1979-இல் அமெரிக்கப் பொது வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் அவரே நடத்திய நிகழ்ச்சி, பாதி பேச்சு, பாதி வாசிப்பு. எவன்ஸ் வந்தபோது, எதை வாசித்தாலும் அதன் எலும்புக்கூடு மனதில் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு மெட்டை எடுத்து முதலில் வெறும் கட்டமைப்பாக வாசித்துக் காட்டுகிறார், அப்புறம் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் முன்னே போனால் மற்றவர் அடங்கி, கீழே பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டுகளை மட்டும் தாளத்தோடு போட்டுக்கொண்டிருப்பார் (ஜாஸ்காரர்கள் இதைக் காம்பிங் என்பார்கள்), கொஞ்ச நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு பேர் நிதானமாகப் பேசிக்கொள்வது மாதிரியேதான். இதைப் போய் ஜோடிப் பாடல் என்று எழுதுகிறவர் பத்து நிமிடமாவது கேட்டாரா என்று சந்தேகமாக இருக்கிறது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளைப் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

என் கட்சி 'இருவர் வாசிப்பு'. வாத்தியத்துக்கு வாசிப்பு என்றுதானே நாம் சொல்கிறோம்? நாயனம் வாசித்தார், வீணை வாசித்தார். பாடினால் 'இருவர் பாட்டு' என்று போடட்டும். 'இணைவாசிப்பு' என்றும் யோசித்தேன், இந்தக் காலத்தில் அதை இணையத்தில் படிப்பது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்காரர்கள் கறாராகப் பேசும்போது, ஒரே பியானோவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதைத்தான் பியானோ டூயட் என்பார்கள். அதற்கு 'நாற்கை வாசிப்பு' பொருந்தும், நான்கு கை என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். மரியனும் எவன்சும் வாசித்ததற்கு இது ஆகாது, அங்கே பியானோவே இரண்டு.