‘கோ’ ஏன் ‘வென்ட்’ ஆகிறது?

வெளிநாட்டுச் செவிலியர் பணிக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படித்துவரும் பெருந்துறை வாசகி ஒருவர், இறந்த காலத்திற்கு ‘எட்’ என்ற எளிய ஒட்டு இருக்கும்போது ‘கோ’ ‘வென்ட்’ ஆவதும் ‘சீ’ ‘சா’ ஆவதும் எதனால் என்றும், அன்றாடம் தேவைப்படும் சொற்களாகப் பார்த்து விதியை மீறுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறார். அன்றாடம் தேவைப்படுவதால்தான் அவை மீறி நிற்கின்றன.

ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மன், மார்ட்டின் நோவாக் உள்ளிட்டோர் 2007இல் ‘நேச்சர்’ இதழில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். பழைய ஆங்கிலத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட, ‘எட்’ விதிக்கு உட்படாத ஒழுங்கற்ற வினைகள் 177, இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 எஞ்சின, இன்று 98. முன்பு ‘ஹோல்ப்’ என்றிருந்தது இன்று ‘ஹெல்ப்டு’. இந்தத் தேய்வு மனம்போனபடி நடக்கவில்லை என்பதே இதன் அழகு. ஒழுங்கற்ற வினையின் அரை ஆயுள், அதாவது அத்தகைய வினைகளில் பாதி ‘எட்’டுக்கு மாற ஆகும் காலம், அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்திருக்கிறது. அதாவது, நூறில் ஒரு பங்கே புழங்கும் வினை பத்து மடங்கு விரைவாக ‘எட்’டுக்கு மாறிவிடுகிறது.

இதற்குக் காரணம் நினைவு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தையும் மழலையில் ‘கோ’வோடு ‘எட்’டைச் சேர்த்தே சொல்லிப் பார்க்கிறது, ஆனால் ‘வென்ட்’ நாள்தோறும் காதில் விழுவதால் அந்தத் தவறான வடிவம் நாளடைவில் உதிர்ந்துவிடுகிறது. அரிதாகக் கேட்கும் வினைக்கு அந்தத் திருத்தம் வாய்ப்பதில்லை. பழைய வடிவம் நினைவுக்கு வராதபோது, எந்த வினைக்கும் பொருந்தும் விதி அந்த இடத்தை நிரப்புகிறது. அடுத்த தலைமுறை அதையே சரியான வடிவமாகக் கேட்டு வளர்கிறது. ஆள் நடமாட்டமுள்ள இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள மண்பாதை) தடமாகவே இருப்பதும், நடமாட்டம் நின்ற இட்டேரியை முள் மூடியபின் ஊரார் தார்ச்சாலையில் போவதும் இப்படித்தான்.

தமிழிலும் ‘வா’ என்பது வருகிறான், வந்தான் எனத் திரிகிறது; அடிக்கடி புழங்கும் வினை அது. சங்கப் பாடல், கல்வெட்டு, இன்றைய கொங்குப் பேச்சு என இரண்டாயிரம் ஆண்டுச் சான்றுகள் நம்மிடம் இருக்க, தமிழ் வினைகளுக்கும் இத்தகைய கணக்கெடுப்பை விரிவாக நடத்தப் பல்கலைக்கழகங்கள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேர்வுக்கு வருவோம். எழுத்து, பேச்சு ஆகிய இரு பகுதிகளிலும் மதிப்பீட்டின் நான்கு அளவுகோல்களுள் ஒன்று இலக்கணத்தின் வீச்சும் பிழையின்மையும். ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையே: பி, ஹேவ், டூ, கோ, சே, கேன், வில், சீ, டேக், கெட். ஆகவே அகரவரிசைப் பட்டியலை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்வதை விடுத்து, புழக்க வரிசையில், முழு வாக்கியங்களாகப் பழகுவதே நல்லது. ‘ஹேவ்’ உடன் வரும் ‘கான்’, ‘சீன்’, ‘டேக்கன்’ ஆகிய மூன்றாம் வடிவங்களை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘ஸ்மைட்’ போன்ற அரிய வினைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.