ஒரே உடம்புக்கு எத்தனை கலண்டர்?

"மிஸ், ஞாயிற்றுக்கிழமை மாகாண மட்டம். அதை மட்டும் ஓட விடுங்கோ. பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறம்."

வன்னியில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். பெரும்பாலும் தாய்தான் சொல்வார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தமுறை வந்தவளுக்கு 15 வயது. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஆறு கிழமையாக நோ. முதலில் ஓடி முடிந்த பிறகு நொந்தது, பிறகு ஓடும்போதே நொந்தது, இப்போது இரவில் படுத்தாலும் நோகிறது. வீட்டில் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். மைதானத்தில் யாரோ கொடுத்த நோக்குளிசையைப் போட்டுக்கொண்டு வலயமட்டத்தில் 1500 மீற்றர் ஓடி முதலாமிடமும் எடுத்திருக்கிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி.

விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். இரண்டு ரூபாய்க் குற்றி அளவான ஓரிடத்தில் கை பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தாள். தசைப் பிடிப்பு என்றால் நோ நீளத்துக்குப் பரவியிருக்கும். ஓய்வில்லாமல் அடிபட்டு எலும்பில் மெல்லிய வெடிப்பு விழுந்தால் இப்படி ஒரு புள்ளியில் குத்திக்கொண்டு நிற்கும். தொடக்கக் கிழமைகளில் அது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அந்த இடத்தைப் போட்டு உருவுவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

"இந்த வருசம் என்னென்ன விளையாடினனீங்கள்?" என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினாள். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 800, 1500, அஞ்சல். பாடசாலை வலைப்பந்தாட்ட அணி. உதைபந்தாட்ட அணியில் ஆள் குறைந்ததால் அதிலும். ஊர் விளையாட்டுக் கழகத்துக்குச் சித்திரை வருடப்பிறப்பில் எல்லே. ஒவ்வொரு சேருக்கும் தன்தன் பயிற்சி நாட்கள் மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நான் எழுதினேன். பத்துக் கிழமையில் ஓய்வு என்று ஆறு நாள்தான் இருந்தது, அதில் இரண்டு நாள் மழை.

எனக்குத் தொலைக்காட்சியில் டெனிஸ் பார்க்கும் பைத்தியம் உண்டு. வன்னியில் இருந்துகொண்டு டெனிஸா என்று வீட்டிலும் சிரிப்பார்கள். புள்ளியைவிட வீராங்கனையின் தோளில் ஒட்டியிருக்கும் நாடாவைத்தான் நான் அதிகம் பார்ப்பேன், தொழில் புத்தி. அவர்களின் ஒரு வருடத்தைப் பாருங்கள். ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் கடின தரை. பெப்ரவரியில் டோஹா, டுபாய். மார்ச்சில் அமெரிக்கா. ஏப்ரலிலிருந்து ஐரோப்பாவின் செம்மண், அது ஜூன் தொடக்கத்தில் பாரிஸில் முடியும். உடனே புல்தரை, விம்பிள்டன். பிறகு மீண்டும் வட அமெரிக்காவின் கடின தரை, அதன்பின் சீனா, நவம்பரில் இறுதிச் சுற்று. தரை மாறும்போதெல்லாம் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் புதிதாகப் பழக வேண்டும். எடுத்த புள்ளிகள் 52 கிழமைக்குத்தான் செல்லும், அடுத்த வருடம் அதே கிழமையில் விளையாடாவிட்டால் தரவரிசையில் இறங்க வேண்டியதுதான். கூடவே இயன்மருத்துவர், உணவு ஆலோசகர் என்று ஆட்கள் பயணிக்கிறார்கள். அப்படியிருந்தும் 2023இல் பவுலா படோசாவின் முள்ளந்தண்டில் இதே மாதிரி வெடிப்பு விழுந்தது, பிரெஞ்சு ஓபனை அவர் விட வேண்டியிருந்தது. 2025 ஒக்டோபரில் டாரியா கசட்கினா, இனி முடியவில்லை என்று சொல்லி அந்த வருட ஆட்டத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

டெனிஸ் உலகம் இதில் ஒரு பாடத்தை அடிபட்டுத்தான் படித்தது. 1990இல் ஜெனிபர் கப்ரியாட்டி 14 வயதில் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி வரை போனார். 1992இல் ஒலிம்பிக் தங்கம். அடுத்த வருடமே களைத்துப்போய் ஒதுங்கிவிட்டார். திரும்பி வந்து 2001இல் அவுஸ்திரேலிய ஓபனை வென்றது தனிக்கதை. அவரைப் போன்ற சிறுமிகளைப் பார்த்த பிறகுதான், 18 வயதுக்குட்பட்டவர்கள் வருடத்துக்கு இத்தனை போட்டிகளுக்கு மேல் விளையாடக்கூடாது என்ற கட்டுப்பாடு 1995இல் நடைமுறைக்கு வந்தது. 2019இல் விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸைத் தோற்கடித்த கோகோ கோஃபுக்கு அப்போது வயது 15. உலகமே அவரைப் பார்க்க ஆசைப்பட்டாலும் விதி விதிதான், எண்ணிக்கையை எண்ணித்தான் விளையாடினார். அதே பெண் 2023இல் அமெரிக்க ஓபனையும் 2025இல் பிரெஞ்சு ஓபனையும் வென்றார்.

கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் 15 வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கை இருக்கிறது. ஒரு சான்றிதழுக்கும் ஒரு பால் பைக்கற்றுக்கும் ஓடும் எங்கள் பிள்ளைக்கு இல்லை.

சரி, காலுக்கு வருவோம். எலும்பு வெடிப்பதற்கு ஓட்டம் மட்டும் காரணமில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற எனது இரண்டாவது கேள்விக்கு பிள்ளை வாய் திறக்கவில்லை, தாய்தான் பதில் சொன்னார். "அஞ்சு மாசமா வரேல்ல மிஸ். போட்டி நேரத்தில கரைச்சல் இல்லைத்தானே எண்டு நானும் பேசாமல் விட்டிட்டன்."

இதைக் கேட்டு அந்தத் தாயின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. உடம்பு செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உயிர் வாழ அவசரமில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் அதில் முதலாவதாக நிற்பவற்றில் ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் வேகமும் குறையும். வாழ்நாள் முழுவதற்குமான எலும்புப் பலத்தின் பெரும்பங்கு சேருகிற வயதில் இது நடக்கிறது என்பதுதான் எனக்குப் பயம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது.

அவளுடைய ஒரு நாள் இப்படி: விடிய வெறுந்தேத்தண்ணி, ஐந்தரைக்குப் பயிற்சி, இடைவேளைக்கு ஒரு பணிஸ், பின்னேரம் மூன்று மணிக்குத்தான் சோறு, நாலு மணிக்குத் திரும்பவும் மைதானம். மெலிந்தால் வேகமாக ஓடலாம் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னாள்.

பிள்ளை பெரியபிள்ளையானால் உழுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஓடி ஓடிக் கொடுக்கிற சனம் நாங்கள். சாமத்திய வீடு முடிந்த கையோடு அந்தக் கவனிப்பும் முடிந்துவிடுகிறது. ஓடுகிற பிள்ளைக்கு அது வருடம் முழுக்க வேண்டும். பெரிய செலவில்லை. பயிற்சிக்கு முன் ஒரு கைப்பிடி கச்சானும் வாழைப்பழமும், முடிந்தவுடன் அவித்த முட்டையோ பயறோ. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் அதுவும் சேரும்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். காரணம் சாப்பாடாகவே இருக்க வேண்டும் என்றில்லை, தைரொயிட் முதலானவற்றையும் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கமென்றால் உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமாவது கதையுங்கள்.

மாதவிடாய் ஒழுங்காக வருகிற பிள்ளைகளின் பிரச்சினை வேறு. 2022 பிரெஞ்சு ஓபனில் ஷெங் சின்வென், அப்போது முதலிடத்தில் இருந்த இகா ஸ்வியாடெக்கிடமிருந்து முதல் செற்றைப் பறித்தார். பிறகு தோற்றார். மாதவிடாய் வயிற்று நோதான் காரணம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார். மேலிருந்து கீழ்வரை வெள்ளை என்று பிடிவாதம் பிடித்த விம்பிள்டன்கூட 2023 முதல் பெண்கள் பாவாடைக்குள் கடும் நிறக் கட்டைக் காற்சட்டை போட அனுமதித்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடையே வெள்ளை. அன்று மைதானத்துக்கு வராமல் "வயித்துக்குத்து சேர்" என்று மரத்தடியில் இருக்கும் பிள்ளைக்கு உண்மையில் நோவா, கறை தெரிந்துவிடும் என்ற பயமா, கழிப்பறையில் தண்ணி இல்லாததா? விளையாட்டுக்குக் கறுப்புக் காற்சட்டை, தண்ணி வரும் ஒரு கழிப்பறை. சேர்மாரே, இந்த இரண்டையும் செய்துவிட்டுப் பிறகு பிள்ளை சாட்டுச் சொல்கிறாள் என்று பேசுங்கள்.

வலைப்பந்தாட்ட முழங்கால் பற்றித் தனியாக எழுத வேண்டும். பந்தைப் பிடித்ததும் சடாரென்று நிற்கச் சொல்லும் விளையாட்டு அது, கிறவல் தரையில் இன்னும் மோசம். இப்போதைக்கு ஒன்று: குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்து வளைகிறதா என்று கவனியுங்கள்.

அந்தப் பிள்ளை மாகாண மட்டத்துக்குப் போகவில்லை. தாய் அழுதார், பயிற்றுநர் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டரையே கொண்டுவரச் சொன்னேன். பயிற்சிக்கு நீலம், நோவுக்குப் பெருக்கல் குறி, மாதவிடாய்க்குச் சிவப்பு வட்டம், கிழமைக்கு இரண்டு நாள் கட்டாயம் வெறுமை. முதல் எட்டுக் கிழமைக்கு நீலமே இல்லை. சாப்பாட்டைக் கூட்டி, நோவில்லாமல் நடக்க விட்டு, பிறகு மெல்ல மெல்ல ஓட விட்டோம்.

நாலாம் மாதம் வந்தபோது கலண்டரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். விரிப்பதற்கு முதலே தாய் பறித்து என் மேசையில் போட்டு, ஒரு திகதியில் விரலை வைத்தார். சிவப்பு வட்டம். பேனை அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.